இரண்டு நோவு

தண்டோராக்காரன் தெருமுனையில் நின்று நீட்டி முழக்கியதில் கிருஷ்ணவேணியின் காதில் தங்கியது ஒரே ஒரு சொல்தான். வாந்தி.

கிணற்றுத் தண்ணீரைக் காய்ச்சாமல் குடிக்கக் கூடாது என்றான். அறுத்து வைத்த பழத்தை யாரும் விற்கக் கூடாது என்றான். இந்த ஆடிக்கு அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுவது கிடையாது என்றான். கடைசியில் பறையை இன்னும் இரண்டு தட்டு தட்டி, "யார் வூட்லயாவது வாந்தி பேதி கண்டா மறைக்கக் கூடாது. ஒடனே சுகாதார ஆபீசுல சொல்லணும். மறைச்சா கேசு போட்ருவாங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த தெருவுக்குப் போனான்.

கிருஷ்ணவேணி கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள்.

அது அறுபத்து நாலாம் வருஷம். மதராசில் காலரா வந்திருக்கிறது என்று சித்திரையில் பேசிக்கொண்டார்கள். செங்கல்பட்டு வரைக்கும் வந்துவிட்டது என்று வைகாசியில் சொன்னார்கள். திண்டிவனம் ரயிலும் பஸ்ஸும் நின்று போகிற ஊர். தினமும் ஆயிரம் பேர் இறங்குகிறார்கள், ஆயிரம் பேர் ஏறுகிறார்கள். அந்தக் கூட்டத்தில் எவன் கொண்டுவந்தானோ, ஆனி பிறந்ததும் ஸ்டேஷனுக்குப் பின்பக்கம் இரண்டு பேர் ஒரே நாளில் செத்துப்போனார்கள். அதற்கப்புறம் ஊரில் யாரும் அந்த நோவின் பெயரை வாய்விட்டுச் சொல்வதில்லை.

ஊருக்கெல்லாம் பயம் ஒன்று. கிருஷ்ணவேணிக்கு இரண்டு.

அவளுக்கு இருபத்திரண்டு வயது. வல்லத்துப் பக்கம் ஒரு குடியானவர் வீட்டுப் பெண். மூன்று வருஷத்துக்கு முன்னால் வேங்கடேசனைக் கட்டிக்கொண்டு திண்டிவனம் வந்தாள். அவன் மல்லாட்டை மண்டியில் நிலக்கடலை மூட்டைகளை எடை பார்த்துச் சீட்டு எழுதுகிறவன். வீட்டில் இவர்கள் இரண்டு பேரும் மாமியார் லட்சுமியம்மாளும்தான். பிள்ளை இன்னும் தங்கவில்லை. மற்றபடி குறை சொல்ல எதுவும் இல்லை. பார்க்கிறவர்கள் அவளுடைய உப்பிய கன்னத்தைப் பார்த்து, மாமியார் நன்றாகத்தான் சோறு போடுகிறாள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அந்தக் கன்னம் எதனால் உப்பியது என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

பதினைந்து வயதில் அவள் பெரியவளானபோது பச்சை ஓலைக் குடிசை கட்டி உட்கார வைத்தார்கள். அத்தைகளும் சித்திகளும் முறை வைத்துக்கொண்டு உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் பச்சை முட்டையும் ஊட்டினார்கள். போதும் என்று சொன்னால் சிரித்தார்கள். ஒன்பதாம் நாள், எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே குமட்டி, குடிசைக்குப் பின்னால் ஓடிப்போய் எல்லாவற்றையும் கக்கினாள். வயிறு காலியானதும், அத்தனை நாளாக உள்ளே அடித்துக்கொண்டிருந்த ஏதோ ஒன்று சட்டென்று அடங்கியது. அந்த அமைதி அவளுக்குப் பிடித்துப்போயிற்று. அப்புறம் அவளாகவே அதைத் தேடிப் போனாள். முதலில் மாதத்தில் ஒரு நாள். பிறகு வாரத்தில் ஒரு நாள். கல்யாணத்துக்குப் பிறகு கிட்டத்தட்ட தினமும். யாரும் இல்லாத நேரத்தில், நின்றுகொண்டே, சுவை தெரியாமல், நாலு பேர் சோற்றைத் தின்பாள். தின்றதும் பயம் பிடித்துக்கொள்ளும். புழக்கடைக்குப் போய் வாழை மறைவில் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு முகத்தைக் கழுவிக்கொண்டு வருவாள். எடுக்க எடுக்கக் கன்னம்தான் வீங்கியது.

இனி இல்லை என்று எத்தனையோ தடவை கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்திருக்கிறாள். மறுநாளே மீறியிருக்கிறாள். இதை ஒரு நோவு என்று அவள் நினைத்ததே இல்லை. இப்படி இன்னொருத்தி உலகத்தில் எங்காவது இருப்பாள் என்றும் அவளுக்குத் தோன்றியதில்லை. தன்னுடைய கேடுகெட்ட புத்தி என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

இப்போது வாந்தி எடுத்தால் சுகாதார ஆபீஸ் வண்டி தூக்கிப்போக வரும்.

தண்டோரா போட்ட மறுநாளிலிருந்து லட்சுமியம்மாள் காவல் நாய் மாதிரி ஆகிவிட்டாள். யார் புழக்கடைக்குப் போனாலும் பின்னாலேயே வந்து நின்றாள். "இது எத்தினியாவது வாட்டி? வயிறு எப்புடிக்கீது? சும்மா சொல்லு" என்று மகனையும் கேட்டாள், மருமகளையும் கேட்டாள். கிணற்றில் பிளீச்சிங் பவுடர் போட்டுவிட்டுப் போனார்கள். குடிக்கிற தண்ணீர், குளிக்கிற தண்ணீர், சோறு எல்லாவற்றிலும் அந்த நாற்றம். தெருவில் பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் உற்றுப் பார்த்தார்கள். கண் உள்ளே போயிருக்கிறதா, உதடு காய்ந்திருக்கிறதா என்று தேடினார்கள்.

வாந்தி எடுக்க வழியில்லை என்று ஆனதும் கிருஷ்ணவேணி சாப்பிடுவதை நிறுத்திக்கொண்டாள். வயிற்றுக்குள் போனால் அது வெளியே வந்தாக வேண்டும். வெளியே வர முடியாது என்றால் உள்ளே போகக் கூடாது. அவளுக்குத் தெரிந்த கணக்கு அவ்வளவுதான்.

அதில் அவளுக்கு ஒரு வசதியும் இருந்தது. ஊரே சாப்பாட்டுக்குப் பயந்துகொண்டிருந்தது. மோர் வேண்டாம் என்றால் யாரும் ஏன் என்று கேட்கவில்லை. பழையது வேண்டாம், குழம்பு ஆறிவிட்டது, கீரையில் மண் இருந்தது என்று ஒவ்வொன்றாகத் தள்ளினாள். "இவளப் பாத்துக் கத்துக்கணும். எம்மாம் சுத்தம் பாக்குறா" என்று லட்சுமியம்மாள் பக்கத்து வீட்டு வீரம்மாளிடம் பெருமையாகச் சொன்னாள். பன்னிரண்டு நாள் அவள் வடிகஞ்சித் தண்ணீரிலேயே ஓட்டினாள். எழுந்தால் கண் இருட்டியது. நெஞ்சு சில நேரம் ஒரு துடிப்பை விட்டுவிட்டு, பிறகு இரண்டாகத் துடித்தது. வேங்கடேசன் ஒரு நாள் அவளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஏன் வேணி, சாப்புட்டியா?" என்றான். "ஆச்சிங்க" என்றாள். அவன் மேலே எதையோ கேட்க வாயெடுத்து, கேட்காமலேயே மண்டிக்குப் போனான்.

பதின்மூன்றாம் நாள் மத்தியானம் லட்சுமியம்மாள் காலரா ஊசி போட்டுக்கொள்ள வரிசைக்குப் போனாள். வீட்டில் யாரும் இல்லை. கிருஷ்ணவேணி அடுக்களையில் நுழைந்தது அவளுக்கு ஞாபகம் இருந்தது. கேப்பைக் களிச் சட்டியின் மூடியைத் திறந்ததும் ஞாபகம் இருந்தது. அதற்கப்புறம் சட்டி காலியாக இருந்தது. வறுத்த மல்லாட்டை வைத்த டப்பா காலியாக இருந்தது. ராத்திரிக்கென்று வைத்திருந்த சோறும் இல்லை. காய்ச்சாத தண்ணீரில் கரைத்த மோரைக்கூட அவள் விட்டுவைக்கவில்லை.

வயிறு கல்லாகக் கனத்தது. யோசிக்க நேரமில்லாமல் புழக்கடைக்கு ஓடினாள்.

முடிந்து நிமிர்ந்தபோது குட்டைச் சுவருக்கு அந்தப் பக்கம் வீரம்மாள் நின்றுகொண்டிருந்தாள். துவைத்த துணி அவள் கையிலிருந்து நழுவி மண்ணில் விழுந்தது.

"ஐயோ! வந்துடுச்சே! இந்த வூட்டுக்கு வந்துடுச்சே!" என்று வீரம்மாள் தெருப்பக்கம் பார்த்துக் கத்திக்கொண்டே ஓடினாள்.

ஒரு மணி நேரத்தில் சுகாதார வண்டி வந்துவிட்டது. காக்கி அரைக்கால் சட்டை போட்ட இன்ஸ்பெக்டர் வாசலுக்கு வெளியே நின்றுகொண்டே கேட்டார்.

"எத்தனை தடவை ஆச்சு?"

கிருஷ்ணவேணியால் சொல்லியிருக்க முடியும். இது அந்த நோவு இல்லை சார், நானே வரவழைத்தது, ஏழு வருஷமாகச் செய்கிறேன் என்று ஒரே மூச்சில் சொல்லியிருந்தால் வண்டி திரும்பிப் போயிருக்கும். ஆனால் வாசலில் தெருவே நின்றது. ஊசி போட்ட கையைப் பிடித்தபடி மாமியார் நின்றாள். மண்டியிலிருந்து ஓடிவந்த வேங்கடேசன் மூச்சு வாங்க நின்றான். அவர்கள் முன்னால் அதைச் சொல்வதைவிட வண்டியில் ஏறுவது அவளுக்குச் சுலபமாக இருந்தது. செத்தாலும் காலராவில் செத்தாள் என்று இருக்கட்டும்.

"சொல்லும்மா, எத்தனை தடவை?"

"மூணு" என்றாள்.

லட்சுமியம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். வேங்கடேசன் வண்டியில் கூடவே ஏறப் பார்த்தான். விடவில்லை. திண்டிவனத்துக் காலரா கொட்டகையில் இடமில்லை, விழுப்புரம் போகிறது என்று மட்டும் சொன்னார்கள். வண்டி கிளம்பும்போதே அவளுடைய பாயையும் துணியையும் தெருவில் போட்டு மண்ணெண்ணெய் ஊற்றுவதை அவள் பின்பக்கக் கம்பி வழியே பார்த்தாள்.

விழுப்புரத்து எல்லையில் ஒரு பழைய மல்லாட்டைக் கிடங்கைக் காலரா கொட்டகையாக மாற்றியிருந்தார்கள். தகரக் கூரை. முப்பது கட்டில். ஒவ்வொரு கட்டிலிலும் நடுவில் ஓட்டை போட்ட, கித்தான் மாதிரி தடித்த ரெட்டுத் துணி, ஓட்டைக்குக் கீழே வாளி. வாளியில் அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி ஏதோ சொட்டிக்கொண்டே இருந்தது. பினாயில் நெடி கண்ணைக் கரித்தது. அங்கே யாரும் கத்தவில்லை என்பதுதான் அவளுக்கு அதிக பயமாக இருந்தது. முகம் சுருங்கி, கண் குழிந்து, குரல் போய், எல்லாரும் ஒரே ஜாடையில் படுத்திருந்தார்கள்.

அவளை ஒரு ஓரத்துக் கட்டிலில் போட்டார்கள். பக்கத்துக் கட்டிலில் சின்னபொண்ணு என்ற கூலிக்காரப் பெண். நாற்று நட்டுக்கொண்டிருந்தவளை வரப்பிலிருந்து தூக்கி வந்தார்களாம். கையில் ஊசி ஏறியிருந்தது. பாட்டில் தண்ணீர் சொட்டுச் சொட்டாக இறங்கியது. அவள் விரல் நுனிகள், ரொம்ப நேரம் துணி துவைத்த கை மாதிரி சுருங்கியிருந்தன. "தண்ணி" என்று காற்றாகச் சொன்னாள். வேறு எதுவும் சொல்லவில்லை.

கொட்டகைக்கு ஆயாக்கள் இரண்டு பேர். பகலில் பூமாலை. நாற்பது வயதிருக்கும். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சிலுவை. வாளி மாற்றுவதும் துடைப்பதும் கஞ்சி கொடுப்பதும் அவள்தான். வாய் ஓயாமல் எதையாவது திட்டிக்கொண்டே செய்தாள்.

"இன்னாம்மா, வாந்தி நின்னுச்சா? மூணு நாள் நின்னுதுன்னா வூட்டுக்குப் போவலாம். இந்தா கஞ்சி. சுடச்சுடக் குடிச்சிடு."

அப்போதுதான் கிருஷ்ணவேணிக்கு விஷயம் புரிந்தது. வாந்தி நின்றால் மூன்று நாளில் வெளியே போகலாம். நிற்காவிட்டால் இங்கேதான். இங்கே இருக்கிற ஒவ்வொரு மணியும் அந்த வாளிகளுக்கு நடுவே, அந்த ஈக்களுக்கு நடுவே இருக்க வேண்டும். நல்ல புத்தி இருக்கிற எவளும் கஞ்சியைக் குடித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு மூன்று நாள் படுத்திருப்பாள்.

கஞ்சியைக் குடித்தாள். கிண்ணத்தை யார் கழுவினார்கள், எதில் கழுவினார்கள் என்ற நினைப்பு வந்தது. அந்த நினைப்பும் பழைய பயமும் ஒன்றாகச் சேர்ந்துகொண்டன. கஞ்சி வயிற்றில் கிடப்பது உயிருள்ள ஏதோ ஒன்று கிடப்பது மாதிரி இருந்தது. கட்டில் சட்டத்தை இறுகப் பிடித்துக்கொண்டாள். நூறு எண்ணினாள். இன்னொரு நூறு எண்ணினாள். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து, கிடங்குக்குப் பின்னாலிருந்த குழிக்குப் போனாள்.

திரும்பி வந்து படுத்துக்கொண்டு, வாயைத் துணியால் பொத்திக்கொண்டு அழுதாள். உயிர் போகும் என்று தெரிந்தும் நிறுத்த முடியவில்லை. நினைத்தால் நிறுத்திவிடலாம் என்று ஏழு வருஷமாக எங்கோ ஒரு மூலையில் நம்பிக்கொண்டிருந்தாள். அந்த நம்பிக்கை அன்றைக்குப் போயிற்று. தன் பேச்சைக் கேட்காத வேறொருத்தியோடு ஒரே கட்டிலில் படுத்திருப்பது போல அவளுக்கு உடம்பு கூசியது.

தலைமாட்டுப் பலகையில் டாக்டர் தினமும் சாக்குக்கட்டியால் எழுதினார். வாந்தி, நிற்கவில்லை. இரண்டாம் நாளும் அதையே எழுதினார். மூன்றாம் நாளும் எழுதினார். எதிர்க் கட்டிலில் இருந்த விருத்தாசலம் என்கிற வண்டிக்காரர் மூன்றாம் நாள் காலையில், பூமாலை வாளி மாற்றிக்கொண்டிருக்கும்போதே இறந்துபோனார். அரை மணியில் அந்தக் கட்டிலுக்கு வேறு ஆள் வந்துவிட்டது.

வேங்கடேசன் ஒவ்வொரு நாளும் பாசஞ்சர் ரயிலில் வந்து, முள்வேலிக்கு அந்தப் பக்கம் நின்றான். உள்ளே விடமாட்டார்கள். "எப்புடிக்கீது?" என்று கத்துவான். அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தலையை ஆட்டுவாள். அவன் முகச்சவரம் செய்துகொள்ளவில்லை. ரயில் நேரம் வரைக்கும் அங்கேயே நின்றுவிட்டுப் போவான்.

நான்காம் நாள் மத்தியானம் குழியிலிருந்து அவள் திரும்பும்போது பூமாலை வழியில் நின்றிருந்தாள். இடுப்பில் காலி வாளி.

"நில்லு" என்றாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "உனக்குக் காலரா இல்ல."

கிருஷ்ணவேணி யாராவது கேட்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தாள்.

"நானும் ஆடி மொதல்லருந்து பாத்துக்கினு வர்றேன். இந்த நோவுல வாந்தி தானா கொட்டும். சத்தம் இருக்காது. குமட்டல்கூட இருக்காது. படுத்த எடத்துலயே போவும். ஒருத்தியும் எழுந்து நடந்துபோயி எடுத்துட்டு, மூஞ்சி கழுவிக்கினு வரமாட்டா. உனக்கு பேதியும் இல்ல. நீயா வரவெச்சுக்கிற."

அந்தச் சொல்லை ஒருவர் வாயிலிருந்து கேட்பது அவளுக்கு அதுதான் முதல் தடவை. நடுத்தெருவில் துணி உருவப்பட்ட மாதிரி இருந்தது. பூமாலையின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"யார்கிட்டயும் சொல்லிடாதீங்க அக்கா. உங்க கால்ல விழறேன்."

"ஏம்மா செய்யற? வூட்ல அடிக்கிறாங்களா? புருசன் சரியில்லியா?"

"அதெல்லாம் இல்ல. எல்லாரும் நல்லவங்கதான்."

"அப்பறம் இன்னாத்துக்கு? பக்கத்துல பாரு. அந்தப் பொண்ணு ஒரு மொடக்கு உள்ள தங்காதான்னு தவிக்குது. நீ தங்குறத எடுத்துக் கொட்ற."

"தெரியும் அக்கா. எனக்குத் தெரியாதா? தெரிஞ்சுதான் செய்றேன். நிறுத்த முடியல."

பூமாலை அவளை ஏற இறங்கப் பார்த்தாள். அவளுக்கும் புரியவில்லை. பைத்தியமா, காற்று கருப்பா என்று யோசிக்கிறாள் என்பது முகத்திலேயே தெரிந்தது. கடைசியில் வாளியைக் கீழே வைத்தாள்.

"நான் டாக்டர் ஐயாகிட்ட சொல்லத்தான் போறேன். கோச்சுக்காத. சொல்லலைன்னா நாளைக்கி உன்னையும் வாரிக்கினு போற மாதிரி ஆயிடும்."

கிருஷ்ணவேணி கெஞ்சினாள். பூமாலை கேட்காமல் போய்விட்டாள்.

டாக்டர் சாயங்காலம் வந்து கட்டில் ஓரமாக நின்றார். சின்ன வயசுக்காரர். நாலு நாளாகத் தூங்காத கண். பூமாலை சொன்னதை அவர் நம்பியதாகவும் தெரியவில்லை, நம்பாததாகவும் தெரியவில்லை. நாடியை ரொம்ப நேரம் பிடித்துப் பார்த்தார். கண்ணிமையை இழுத்துப் பார்த்தார்.

"எத்தனை நாளா இப்படி?"

அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதுக்கு மருந்து என்னன்னு எனக்குத் தெரியல. படிச்சதும் இல்ல. ஆனா உடம்புல உப்பே இல்லை போலிருக்கு, நாடி விட்டு விட்டு அடிக்குது. நீங்க இங்க இருக்கறதுதான் பெரிய ஆபத்து. காலையில உங்களை வெளியில அனுப்பிடறேன்." பலகையில் எழுதியிருந்ததை உள்ளங்கையால் அழித்துவிட்டுப் போனார்.

காலையில் வீடு. அவள் அதை நினைத்துக்கொண்டே விடியும்வரை புரண்டாள். வீரம்மாள் என்ன கேட்பாள், மாமியார் என்ன கேட்பாள், டாக்டர் வேங்கடேசனிடம் என்ன சொல்லுவார் என்று ஒவ்வொன்றாக வந்தது.

விடிந்தபோது வயிற்றுக்குள் ஏதோ கலகலவென்று புரண்டது. வலி இல்லை. எழுந்து உட்காரப் பார்த்தாள், முடியவில்லை. ரெட்டுத் துணி நனைந்தது. கீழே வாளியில் சத்தம் கேட்டது. என்ன நடக்கிறது என்று புரிவதற்குள் வாய் வழியாகவும் வந்தது. குமட்டவில்லை. அவள் எதுவும் செய்யவில்லை. குழாயைத் திறந்துவிட்டது மாதிரி வந்துகொண்டே இருந்தது.

பூமாலை சொன்னது அட்சரம் பிசகாமல் நடந்தது.

"அக்கா!" என்று கத்தினாள். குரல் பாதியில் நின்றது.

பூமாலை ஓடிவந்தாள். ஒரு நொடி அவள் கண்ணில் சந்தேகம் தெரிந்தது. கிருஷ்ணவேணி அதைப் பார்த்துவிட்டாள். நான் இல்லை அக்கா, இது நான் இல்லை என்று சொல்ல நினைத்தாள். உதடு மட்டும் அசைந்தது. பூமாலை வாளியைக் குனிந்து பார்த்தாள். நிமிர்ந்தபோது அவள் முகம் மாறியிருந்தது.

"ஏசுவே" என்றாள். பிறகு வாசலைப் பார்த்து, "ஐயா! ஜல்தியா வாங்க ஐயா! ஒம்போதாவது கட்டிலு!"

அன்று பகல் முழுவதும் அவளுக்குத் துண்டு துண்டாகத்தான் தெரிந்தது. நரம்பு கிடைக்காமல் கையில் மாற்றி மாற்றிக் குத்தினார்கள். மூங்கில் பட்டையை வைத்துக் கையைக் கட்டினார்கள். கெண்டைக்கால் சதை முறுக்கிக்கொண்டு உருண்டது. யாரோ அதை நீவிவிட்டார்கள். தகரக் கூரையில் வெயில் இறங்கிக் கொதித்தது, அவளுக்கோ குளிர்ந்தது. டாக்டர், "இவங்களுக்கு ஏற்கெனவே ஒண்ணும் மிச்சமில்லை, மத்தவங்களுக்குப் போடற அளவு பத்தாது, நாடியைப் பார்த்துக்கிட்டே இருங்க" என்று சொன்னது காதில் விழுந்தது. பூமாலை நேற்று சொல்லியிராவிட்டால் அவர் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்.

ஒரு நேரத்தில் நெஞ்சு நின்றே போய்விட்டது மாதிரி இருந்தது. அடுத்த துடிப்புக்காக அவள் காத்திருந்தாள். அந்த இடைவெளியில்தான் அவளுக்கு வாழ்க்கையிலேயே பெரிய பயம் வந்தது. தெருப் பயமும் மாமியார் பயமும் சோற்றுப் பயமும் அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. நான் போகக் கூடாது என்று நினைத்தாள். வண்டியில் ஏறியபோது காலராவில் செத்தாள் என்று இருக்கட்டும் என்று நினைத்தவளும் அவள்தான். துடிப்பு வந்தது. மறுபடியும் வந்தது.

இரண்டு பகல் இப்படியே போயிற்று. மூன்றாம் நாள் கண் விழித்தபோது பக்கத்துக் கட்டிலில் சின்னபொண்ணு இல்லை. வேறு ஒரு கிழவர் படுத்திருந்தார்.

"அந்தப் பொண்ணு?" என்றாள்.

"பொழச்சிக்கினு போயிட்டா. நேத்து அவ அண்ணங்காரன் வந்து கூட்டிக்கினு போனான். வாசல்ல நின்னுக்கினே ஒரு சட்டி கூழு குடிச்சா, பாக்கணுமே" என்றாள் பூமாலை. கஞ்சிக் கிண்ணத்தை நீட்டினாள். "இப்ப நீ."

கிருஷ்ணவேணி கிண்ணத்தைப் பார்த்தாள். அந்தப் பயம் எங்கும் போகவில்லை. எத்தனை நாள் பட்டாலும், சாவைப் பார்த்துவிட்டு வந்தாலும், அது அதே இடத்தில் உட்கார்ந்திருந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்கு அழுகை வந்தது.

"குடிச்சா அப்பறம் எழுந்து போயிடுவேன் அக்கா."

"கால் நிக்குதா உனக்கு, போறதுக்கு?" பூமாலை கட்டிலிலேயே உட்கார்ந்தாள். "குடி. நான் எங்கியும் போவல."

அவள் குடித்தாள். பூமாலை உட்கார்ந்தே இருந்தாள். மற்ற கட்டில்களிலிருந்து கூப்பிட்டார்கள், "இரு வர்றேன்" என்று அங்கிருந்தே கத்தினாள். தன் மகள் கோட்டக்குப்பத்தில் ஒரு வீட்டில் வேலை செய்வதையும், அந்த வீட்டுக்காரர்கள் காலராவுக்குப் பயந்து அவளை ஊருக்கு விடாததையும் சொன்னாள். கிருஷ்ணவேணிக்கு வேர்த்துக் கொட்டியது. பூமாலையின் மணிக்கட்டை அவள் பிடித்திருந்த பிடியில் நகம் பதிந்தது. அரை மணி ஆகியிருக்கும். பயம் தணிந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் ஒரு அளவுக்கு மேல் அது ஏறவில்லை. அப்படியே நின்றது. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக அலுத்துப்போன மாதிரி கீழே இறங்கியது. அது தானாகவும் இறங்கும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது.

கொட்டகைக்கு வந்த பதினோராம் நாள் வேங்கடேசன் வந்து கூட்டிக்கொண்டு போனான். பூமாலை வேலி வரைக்கும் வந்தாள். அவனிடம் எதுவும் சொல்லவில்லை. அவளிடம் மட்டும், "நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?" என்று கேட்டாள்.

"நானே சொல்றேன் அக்கா."

திண்டிவனத்துக்குப் போகிற பாசஞ்சர் காலியாக இருந்தது. ஜனங்கள் ரயில் ஏறப் பயந்த காலம். பெட்டியில் அவர்கள் இரண்டு பேர்தான். முண்டியம்பாக்கம் தாண்டியதும் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடியே சொன்னாள். குடிசையில் ஊட்டிய களியிலிருந்து ஆரம்பித்து, மல்லாட்டை டப்பா வரைக்கும் சொன்னாள். மூணு தடவை என்று இன்ஸ்பெக்டரிடம் சொன்னது பொய் என்றும் சொன்னாள். இவன் அடுத்த ஸ்டேஷனில் இறக்கி, வல்லத்துக்குப் பஸ் ஏற்றிவிடுவான் என்று நினைத்தாள்.

இரண்டு ஸ்டேஷன் வந்து போயின.

"எனக்குத் தெரியாதுன்னு சொல்ல மாட்டேன்" என்றான். "தோட்டத்துப் பக்கம் சத்தம் கேட்டுக்கீறேன். ஒரு வாட்டி இல்ல, பல வாட்டி. மொதல்ல முழுவாம கீறியோன்னு நெனச்சேன். அப்பறம், இந்த வூட்டுச் சோறு உனக்குப் பிடிக்கல, என்னையும் பிடிக்கல, அதான் கக்குறியோன்னு நெனச்சேன். கேட்டா ஆமான்னு சொல்லிடுவியோன்னு பயம். அதனால கேக்கல."

அவள் அவனைத் திரும்பிப் பார்த்தாள். மூன்று வருஷமாக இந்த மனுஷனும் அதே வீட்டில் பயந்துகொண்டுதான் இருந்திருக்கிறான்.

"உங்களால இல்லீங்க" என்றாள்.

"இப்ப இன்னா செய்யணும்?"

"தெரியல. சாப்புட்ட பெறகு என்னைத் தனியா வுடாதீங்க. கொஞ்ச நேரம். அவ்ளோதான் எனக்குத் தெரியும்."

வீட்டில் லட்சுமியம்மாள் வாசலிலேயே மஞ்சள் தண்ணீர் ஊற்றிய பிறகுதான் உள்ளே விட்டாள். அவளுக்குப் பயம் போகவில்லை. மருமகளுக்குத் தனித் தட்டு, தனிப் பாய், தாழ்வாரத்தில் தனி இடம். சோற்றைத் தட்டில் போட்டு வைத்துவிட்டு, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விடுவாள். வீரம்மாள் சுவர்ப்பக்கமே வருவதில்லை. புழக்கடை காலியாகக் கிடந்தது. யாரும் பார்க்கவில்லை, யாரும் எண்ணவில்லை. கிருஷ்ணவேணி அந்தப் பக்கம் பார்க்காமல் திரும்பி உட்கார்ந்தாள்.

முதல் நாள் மத்தியானம் வேங்கடேசன் மண்டியிலிருந்து வந்து, தன் தட்டைத் தூக்கிக்கொண்டு தாழ்வாரத்துக்கு வந்து அவளெதிரே சப்பணமிட்டு உட்கார்ந்தான்.

"டேய், இன்னாடா இது? அவகூட ஒக்காந்து துன்ற?" என்று உள்ளேயிருந்து லட்சுமியம்மாள் கத்தினாள். "நோவு ஒட்டிக்கும்டா!"

"ஒட்டினா ஒட்டட்டும்மா. நீ ரசம் எடுத்தா" என்றான்.

அவன் அவள் தட்டைப் பார்க்கவில்லை. மண்டியில் இரண்டு மூட்டை மல்லாட்டை நனைந்து முளைவிட்ட கதையைச் சொன்னான். அவனுக்குக் கதை சொல்ல வராது. சொன்னதையே திரும்பச் சொன்னான். சாப்பிட்டு முடித்த பிறகும் கை கழுவ எழுந்திருக்காமல், கை காய்ந்துபோகிற வரை அங்கேயே உட்கார்ந்திருந்தான். அன்று அவள் புழக்கடைக்குப் போகவில்லை. மறுநாளும் போகவில்லை. மூன்றாம் நாள் அவனுக்கு மண்டியில் லாரி வந்துவிட்டது, வர முடியவில்லை.

புரட்டாசியில் ஊரில் காலரா ஓய்ந்தது. கூழ் ஊற்றாமல் விட்டதற்காகக் கோயிலில் தனியாக ஒரு நாள் பொங்கல் வைத்தார்கள். லட்சுமியம்மாள் தனித் தட்டை எடுத்துவிட்டாள். ஆனால் வேங்கடேசன் தாழ்வாரத்தில் அவளோடு சாப்பிடுவதை விடவில்லை. தெருவில் இதைச் சொல்லிச் சிரித்தார்கள்.

கிருஷ்ணவேணியின் மற்ற நோவு ஓயச் சில வருஷம் ஆயிற்று. இடையில் எத்தனையோ தடவை விழுந்தாள். ஆனால் அந்த மூன்றாம் நாள் சாயங்காலம், லாரி லோடு இறக்கிவிட்டு உடம்பெல்லாம் தூசியோடு வந்த வேங்கடேசன் கால் கழுவிக்கொண்டிருந்தபோது, அவள் சொம்போடு பின்னால் போய் நின்றாள்.

"இன்னைக்குப் போயிட்டேங்க" என்றாள்.

அவன் கழுவுவதை நிறுத்தினான். அவளுடைய முகத்தைப் பார்த்தான். தண்ணீர் சொட்டச் சொட்ட அப்படியே நின்றான்.

"செரி" என்றான் கடைசியில். "வா, ஒக்காரு. மூஞ்சி வெளுத்துக்கீது. உப்புப் போட்டுக் கஞ்சி ஆத்தச் சொல்றேன், ரெண்டு பேரும் குடிக்கலாம்."